ஆடு மேய்க்கத்தான் லாயக்கு

அல்பாகா என்ற பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. நம் பாட்டனார் காலத்து வக்கீல்களும் கச்சேரி உத்தியோகஸ்தர்களும் கறுப்பு அல்பாகாக் கோட்டு மாட்டிக்கொண்டு, சித்திரை வெயிலில் வியர்த்து வழிந்தபடியே சட்டத்தையும் நியாயத்தையும் பற்றிப் பேசினார்கள். அந்தத் துணி எந்தப் பிராணியின் முதுகில் விளைந்தது என்று அவர்களில் அநேகம் பேர் கேட்டிருக்கமாட்டார்கள். தென் அமெரிக்காவில், பெரு நாட்டு மலைகளின்மீது மேய்கிற, ஒட்டகத்துக்குத் தூரத்து உறவான ஒரு சாதுப் பிராணியின் ரோமம் அது. இங்கிலாந்தில் பிராட்போர்டு நகரத்து ஆலை முதலாளி டைட்டஸ் சால்ட் என்பவர், 1836-ஆம் ஆண்டு வாக்கில், லிவர்ப்பூல் துறைமுகத்தில் கேட்பாரற்றுக் கிடந்த அல்பாகா ரோம மூட்டைகளை வாங்கினார். அதை நூற்கவும் நெய்யவும் வழி கண்டார். பெரிய சீமானாகிவிட்டார். 1853-இல் ஒரு பிரம்மாண்டமான ஆலையைத் திறந்து, அதைச் சுற்றித் தம் பெயரால் ஓர் ஊரையே எழுப்பினார்.

இந்தப் பழங்கதையை நான் சொல்வதற்குக் காரணம் உண்டு. சால்ட் பணம் சம்பாதித்தது அல்பாகாக் குட்டியை விற்று அல்ல, துணியை விற்று. துணியை வாங்கிய நம் வக்கீல் அதை இன்னொரு வக்கீலுக்கு விற்பதற்காக வாங்கவில்லை. உடம்பில் போட்டுக்கொள்ள வாங்கினார். முழங்கை கிழிகிறவரையில் போட்டுக்கொண்டார். வியாபாரச் சங்கிலி அவருடைய முழங்கையில் வந்து முடிந்தது. எந்த வியாபாரத்துக்கும் இப்படிக் கடைசியாக ஒருவன் இருக்கவேண்டும். தின்கிறவனோ, உடுக்கிறவனோ, உபயோகித்துத் தீர்க்கிறவனோ ஒருவன் வேண்டும். அவன் இல்லாத வியாபாரம் வியாபாரமே அல்ல, வேறு ஏதோ. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவதன் சாரம் இவ்வளவுதான். மிகவும் சின்ன விஷயம். ஆனால் இந்தச் சின்ன விஷயத்தை யாரும் எடுத்துச் சொல்லாததனால் தமிழ்நாட்டில் எத்தனையோ குடும்பங்கள் நகையையும் நிலத்தையும் இழந்து தெருவில் நின்றதை நாம் பார்த்திருக்கிறோம்.

கோட்டுப் போட்டுக்கொண்ட நம் முன்னோர் அந்தப் பிராணியை வளர்க்க ஆசைப்படவில்லை. இப்போது அந்த ஆசையும் வந்திருக்கிறது. ஸ்ரீமுஷ்ணத்துப் பக்கம் எனக்கு மருமகன் முறை ஆகவேண்டிய பிள்ளை ஒருவன் இருக்கிறான். படித்தவன்; கெட்டிக்காரன். தகப்பனார் விட்டுப்போன செம்மண் நிலம் 4 ஏக்கர். பாதியில் முந்திரி, பாதியில் மல்லாட்டை. சென்ற கோடையில் அவன் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான். நீண்ட கழுத்தும், நெற்றியில் சுருட்டை முடியும், சிரிக்கிற மாதிரி முகமுமாக ஒரு பிராணி அதில் நின்றது.

“பாத்தீங்களா மாமா? பொம்மையாட்டம் இருக்கு. ஒரு ஜோடி வாங்கிப் போட்டாப் போதும். அஞ்சு வருசத்துல பட்டி நெறஞ்சிடும்.”

“நிறையட்டும். நிறைந்த பிறகு?”

“குட்டி விக்கிறதுதான்.”

“யாருக்கு?”

“இத வளக்கணும்னு வர்றவங்களுக்கு.”

“அவர்கள் யாருக்கு விற்பார்கள்?”

“அவங்களும் வளக்கிறவங்களுக்குத்தான்...” என்றவன் பாதியில் நிறுத்தி, “ரோமம் இருக்குதே மாமா” என்றான்.

நல்ல பிள்ளை. பாதியில் நிறுத்தத் தெரிந்ததே, அதுதான் அவனுடைய நல்ல காலம். நிறுத்தத் தெரியாதவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் பட்டி நிறைகிற கணக்கைப் பார்த்துவிடுவோம். அல்பாகா சினைப்பட்டால் ஏறக்குறைய பதினொன்றரை மாதம் சுமக்கும். போடுவது ஒரே குட்டி. இரட்டை என்பது அபூர்வத்திலும் அபூர்வம். ஆகவே ஒரு பெட்டை 5 வருஷத்தில் நாலைந்து குட்டி போட்டால் அதிகம். அதில் பாதி கிடாவாக இருக்கும். பேத்தி முறைக் குட்டிகள் ஒன்றிரண்டையும் சேர்த்துக்கொண்டாலும், ஒன்றுகூடச் சாகவில்லை என்றே வைத்துக்கொண்டாலும், கணக்கு இரண்டு கை விரல்களுக்குள் அடங்கிவிடும். அதற்குள் இன்னொரு சங்கடம். இருப்பது ஒரே கிடா. அது தன் குட்டிகளோடேயே சேர்ந்தால் இனம் கெடும் என்பது எங்கள் ஊரில் எழுதப் படிக்கத் தெரியாத ஆட்டுக்காரருக்குக்கூடத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு ஒரு தரம் அவர் கிடாவை மாற்றிவிடுகிறார். பக்கத்து ஊரில் கிடைக்கிறது. அல்பாகாக் கிடாவை மாற்ற என் மருமகப்பிள்ளை எந்தப் பக்கத்து ஊருக்குப் போவான்? சேத்தியாத்தோப்புக்கா?

அடுத்து, பிராணியின் பிறந்த வீடு. ஆண்டீஸ் மலையில் 3,500 மீட்டருக்கு மேற்பட்ட மேட்டுநிலம் அது. நம் தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். மெல்லிய காற்று, காய்ந்த புல், இரவில் உறைபனி. இந்தக் குளிருக்காகவே இயற்கை அதற்கு அப்படிப்பட்ட கம்பளியைப் போர்த்தி அனுப்பியிருக்கிறது. அதைக் கொண்டுவந்து, கடல்மட்டத்துக்குச் சில பனை உயரமே மேலே இருக்கிற ஸ்ரீமுஷ்ணத்தில், கத்திரி வெயிலில், வெள்ளாற்று மணல் காலைப் பொசுக்குகிற நேரத்தில் நிறுத்தினால் என்ன ஆகும்? “ஆஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் சமவெளியில் வளர்க்கிறார்களே” என்பார்கள். வாஸ்தவம். அங்கே வளர்கிறது. ஆட்டு மந்தைக்கு நரி வராமல் காவல் காக்கக்கூட வைத்திருக்கிறார்கள். நிழலும் விசிறியும் தண்ணீரும் வைத்தியரும் ஏற்பாடு செய்தால் இங்கேயும் உயிரோடு இருக்கலாம். ஆனால் உயிரோடு இருப்பது வேறு. நம்மைப் பிழைக்க வைப்பது வேறு. முதலாவது மிருகக்காட்சிசாலைக்குப் போதும். இரண்டாவதுதான் பண்ணை.

ரோமத்துக்கு வருவோம். வருஷத்துக்கு ஒரு தரம் கத்தரித்தால் ஒரு பிராணியிடமிருந்து இரண்டு மூன்று கிலோ கிடைக்கும். அதைத் தரம் பிரிக்க வேண்டும். நூற்க ஆலை வேண்டும். ஆலைக்கு மூட்டைக்கணக்கில் வேண்டும். தலைமுறை தலைமுறையாக அல்பாகா வளர்த்து, உலகத்துக்கே ரோமம் கொடுக்கிற பெரு நாட்டு மலைவாசி பணக்காரனாகிவிட்டானா என்றால், இல்லை. அந்த நாட்டு ஏழைகளில் மிக ஏழைகளில் ஒருவனாகவே அவன் இன்றும் இருக்கிறான். லண்டனிலும் நியூயார்க்கிலும் சால்வை என்ன விலை விற்றாலும், மலைமேல் இருப்பவனுக்கு வந்து சேர்வது சொற்பம். இருந்தும் அவன் வளர்க்கிறான். ஏன்? அவன் அதன் கறியைத் தின்கிறான், சாணத்தை எரிக்கிறான், ரோமத்தை உடுத்துகிறான். பிராணியின் ஒவ்வொரு அம்சத்துக்கும் அவன் வீட்டிலேயே உபயோகம் இருக்கிறது. நம் வீட்டில் இந்த மூன்றில் எது நடக்கும்?

இப்படியெல்லாம் இருக்கும்போது அல்பாகாவுக்கு அத்தனை விலை எப்படி வந்தது? இந்தக் கதை எல்லாரும் தெரிந்துகொள்ளவேண்டிய கதை. 1984-ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளுக்குள் அல்பாகாக்கள் மந்தையாக வந்து இறங்கத் தொடங்கின. ‘சின்னப் பண்ணை, சுகமான வாழ்க்கை, கொழுத்த லாபம்’ என்று விளம்பரங்கள் வந்தன. ஓய்வு பெற்ற உத்தியோகஸ்தர்கள் சேமிப்பை எடுத்துப் போட்டார்கள். வளர்ப்போர் சேர்ந்து ஒரு வம்சப் பதிவேடு வைத்துக்கொண்டார்கள். 1998-இல், இனிமேல் வெளிநாட்டிலிருந்து வருகிற பிராணிகளுக்குப் பதிவேட்டில் இடமில்லை என்று கதவைச் சாத்திக்கொண்டார்கள். பெருவில் லட்சக்கணக்கில் மேய்கிற பிராணி அமெரிக்காவில் அபூர்வப் பொருளாகிவிட்டது! ஒரு நல்ல பெட்டை பல ஆயிரம் டாலர். பரிசு பெற்ற கிடா லட்சக்கணக்கான டாலர். 2007-இல் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த பொருளாதார நிபுணர்கள் டீனா செய்டோன், ரிச்சர்டு செக்ஸ்டன் என்ற இருவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். ரோமத்தின் வருமானம் எதுவும் இந்த விலைக்கு ஈடு சொல்லாது. இது ஒரு சூதாட்டக் குமிழி என்று எழுதினார்கள். அடுத்த வருஷமே அமெரிக்காவில் பொருளாதாரம் சரிந்தது. புதிதாக வளர்க்க வருகிறவர்கள் வரவில்லை. அவ்வளவுதான், விலை மளமளவென்று விழுந்தது. ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கிய பிராணியைச் சும்மா கொடுத்தாலும் கொண்டுபோக ஆளில்லை என்ற நிலை பலருக்கு வந்தது.

அதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இன்னொரு பாடம் நடந்திருக்கிறது. சார்லஸ் லெட்ஜர் என்ற ஆங்கிலேயர், ஏற்றுமதித் தடையை மீறி, மலைகளையும் பாலைவனத்தையும் கடந்து அல்பாகா மந்தையை ஓட்டிவந்து, 1858-இல் 256 பிராணிகளைச் சிட்னியில் இறக்கினார். நாடே கொண்டாடியது. 1864-ஆம் ஆண்டுக்குள் உற்சாகம் வடிந்து, மந்தை ஏலத்துக்கு வந்துவிட்டது. அந்த மனிதரின் துணிச்சலை நான் மெச்சுகிறேன். ஆனால் துணிச்சல் ரோமத்துக்குச் சந்தையை உண்டாக்காது.

“அமெரிக்காவும் ஆஸ்திரேலியாவும் எங்கேயோ இருக்கின்றன, ஐயா” என்பவர்களுக்குப் பக்கத்து வீட்டுக் கதை இருக்கிறது. ஈரோட்டுக்குப் பக்கத்தில் பெருந்துறையில் ஈமு கோழிப் பண்ணைகள் முளைத்ததை மறந்துவிட்டோமா? ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டினால் 6 ஈமுக் குஞ்சு. கொட்டகையும் தீனியும் கம்பெனி தரும். பராமரிப்புக்கு மாதம் 6,000 ரூபாய். இரண்டு வருஷம் கழித்து முதல் திரும்பும் என்று விளம்பரம் செய்தார்கள். மாதம் 6,000 என்றால் வருஷத்துக்கு 72,000. இரண்டே வருஷத்தில் ஏறக்குறைய முதலுக்குச் சமமான தொகை கைக்கு வந்துவிடும். முதலும் அப்படியே இருக்கும்! பொன்முட்டை இடுகிற வாத்துகூட இவ்வளவு வேகமாக இட்டதாகக் கதையில் இல்லை. ஈமு இறைச்சியை எந்தக் கடையில் வாங்கினீர்கள்? அதன் எண்ணெயை எந்த வீட்டில் தடவிக்கொண்டார்கள்? தின்கிறவனும் இல்லை, தடவுகிறவனும் இல்லை. பின்னால் வந்தவன் கட்டிய பணம் முன்னால் வந்தவனுக்கு மாதச் சம்பளமாகப் போயிற்று. 2012 ஆகஸ்டில் சங்கிலி அறுந்தது. சுசி ஈமு பார்ம்ஸ் முதலான நிறுவனங்களின்மீது வழக்குகள் வந்தன. முதலீட்டாளர்கள் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் வரிசையில் நின்றார்கள். பறவைகள் தீனியில்லாமல் செத்தன. மிச்சத்துக்குச் சர்க்கார் தீனி போடவேண்டி வந்தது. ஆஸ்திரேலியாவில் பிறக்கவேண்டிய அந்த வாயில்லாப் பறவை கொங்கு நாட்டுக் கொட்டகையில் பட்டினி கிடந்து செத்ததே, அந்தப் பாவத்துக்கு எந்தக் கோர்ட்டில் தண்டனை?

இதில் ஏமாந்தவர்களைப் ‘பேராசைக்காரர்கள்’ என்று திட்டுவது சுலபம். பத்திரிகைகள் அப்படித்தான் திட்டின. நான் திட்டமாட்டேன். மகள் கல்யாணத்துக்கு வைத்திருந்த நகையை விற்றுக் கட்டியவர்கள், ரிடையரான பணத்தைக் கட்டியவர்கள், கிணறு வற்றிப்போய் நிலத்தை அடகு வைத்துக் கட்டியவர்கள் அவர்கள். விவசாயத்தில் மிஞ்சுவது ஒன்றுமில்லை என்று ஆகிவிட்ட மனிதன் பொம்மைப் பிராணியைப் பார்த்து மயங்குகிறான். மயங்கியவன்மேல் குற்றம் சொல்லுமுன், அவன் கையில் இருந்த நல்ல தொழிலை மட்டமாக்கியது யார் என்று கேட்கவேண்டும்.

அதற்குள் ஓர் ஆட்சேபம் வரும். “நீர் புதுமைக்கு விரோதி. வெளிநாட்டுச் சரக்கு என்றாலே முகம் சுளிக்கிற பேர்வழி.” இல்லை. எங்கள் வட்டாரத்தில் பிறந்த எவனும் அப்படிச் சொல்ல முடியாது. எங்கள் ஊர்ச் செம்மண்ணில் விளைகிற மல்லாட்டை எந்த ஊர்ச் சரக்கு? அல்பாகாவின் அடுத்த வீட்டுக்காரன்! தென் அமெரிக்காவில் பிறந்தது. மணிலாவின் பெயரை ஒட்டவைத்துக்கொண்டு ‘மணிலாக்கொட்டை’ ஆகி, தென்னார்க்காட்டு வாயில் ‘மல்லாட்டை’ ஆயிற்று. முந்திரி, பிரேசிலிலிருந்து போர்ச்சுகீசியரோடு கப்பலேறி வந்தது. ரசத்தில் கிள்ளிப் போடுகிற மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களிலிருந்து வந்த சரக்குத்தான். இவையெல்லாம் நமக்கு அந்நியமா? மாமியார் வீட்டுக்கு வந்த மருமகளைவிடச் சீக்கிரம் நம் வீட்டுப் பிள்ளைகளாகிவிட்டன.

ஏன் ஆயின? மல்லாட்டையை வாங்கியவன் செக்கில் ஆட்டி எண்ணெய் எடுத்தான். பிண்ணாக்கை மாட்டுக்கு வைத்தான். கொடியையும் மாட்டுக்குப் போட்டான். மிச்சத்தை வேகவைத்துத் தின்றான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் புதுச்சேரித் துறைமுகம் வழியாக மூட்டை மூட்டையாகப் பிரான்சு தேசத்து மார்செய் நகரத்துக்குப் போயிற்று. அங்கே எண்ணெய்க்கும் சவுக்காரத்துக்கும் உபயோகமாயிற்று. தென்னார்க்காட்டு மல்லாட்டைச் சங்கிலியின் கடைசியில் ஒருவன் சோப்புத் தேய்த்துக் குளித்துக்கொண்டிருந்தான்! விதை மல்லாட்டை விற்பதற்காக மட்டும் யாரும் மல்லாட்டை போடவில்லை. அதற்குப் பிறகும் ஊரார் கையில் அப்படியே விட்டுவிடவில்லை. விருத்தாசலத்தில் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. எங்கள் மண்ணுக்கும் மழைக்கும் தகுந்த மல்லாட்டை ரகங்களையும் முந்திரி ரகங்களையும் வருஷக்கணக்கில் சோதித்து, ‘வி.ஆர்.ஐ.’ என்ற எழுத்தோடு வெளியிட்டிருக்கிறார்கள். நஷ்டம் வந்தால் சர்க்கார் நிலத்தில் வரட்டும். தேறிய பிறகு குடியானவனிடம் போகட்டும் என்பது அந்த ஏற்பாடு.

பிராணி விஷயத்திலும் இந்த முறைதான் கௌரவமானது. நீலகிரியில் சாண்டிநல்லா என்ற இடத்தில் ஆட்டு இன ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. நீலகிரி ஆட்டையும் வெளிநாட்டு மெரினோவையும் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, ‘சாண்டினோ’ என்ற இனத்தை உண்டாக்கினார்கள். குளிர்ந்த மலை, நல்ல புல், படித்த வைத்தியர்கள், சர்க்கார் பணம் எல்லாம் இருந்தும் அதற்குப் பல வருஷம் ஆயிற்று. இதை 4 ஏக்கர்க்காரன் தன் முந்திரி மரத்தடியில் 5 வருஷத்தில் செய்துவிடுவான் என்று சொல்கிற தரகனை என்ன பெயர் சொல்லி அழைப்பது? எனக்குத் தெரிந்த மரியாதையான வார்த்தை எதுவும் அவனுக்குப் பொருந்தாது.

இனி இரண்டாவது ஆட்சேபம். “அல்பாகா வேண்டாம் என்கிறீர். சரி. வேறு எதைத்தான் வளர்ப்பது?” இந்தக் கேள்வியைக் கேட்கிறவர் நிற்கிற இடத்திலிருந்து நூறடி தூரத்தில் ஓர் ஆடு நின்று வேலியைக் கடித்துக்கொண்டிருக்கும். அது அவர் கண்ணில் படாது. படவேண்டாம் என்றுதான் நாம் பழக்கியிருக்கிறோம்.

செம்மறி ஆடு 5 மாதம் சுமக்கிறது. இரண்டு வருஷத்தில் மூன்று ஈற்றுக்கூட எடுக்கலாம். குட்டி வளர்ந்தால் கசாப்புக்காரர் வாசலுக்கே வந்து விலை பேசுகிறார். தீபாவளியும் பக்ரீத்தும் பொங்கலுக்கு மறுநாளும் ஊர்க் கிடா வெட்டும் அதன் சந்தை. அதன் கறியைத் தின்கிறவன் இருக்கிறான். ஆகவே சங்கிலி அவனிடம் முடிகிறது. சேலம் மாவட்டத்து மேச்சேரி ஆடு, தெற்கே வெம்பூர் ஆடு, கீழக்கரிசல், ராமநாதபுரம் வெள்ளை, சென்னைச் சிவப்பு என்று, நம் வெயிலில் பிறந்து நம் வெயிலிலேயே வளர்ந்த இனங்கள் இருக்கின்றன. திருச்சிக் கறுப்பு ஆட்டின் முரட்டு ரோமத்தில் கம்பளி நெய்தார்கள். அல்பாகா ரோமத்தைப் பற்றிக் கனவு காண்கிற நாம், அந்தக் கம்பளியை வாங்க ஆளில்லாமல் செய்துவிட்டோம். கத்தரிக்கிற கூலிகூட ரோமத்தில் கட்டவில்லை என்கிற நிலைக்கு அது வந்துவிட்டது.

கறியைவிட முக்கியமானது இன்னொன்று: கிடை. அறுவடை முடிந்த வயலில் இரவில் ஆட்டு மந்தையை மடக்கி வைக்கிறார்கள். காலையில் மந்தை மேயப் போகிறது. மறுநாள் இரவு அடுத்த துண்டு நிலத்தில் கிடை. புழுக்கையும் மூத்திரமும் ஒரே சீராக நிலம் முழுவதும் விழுகின்றன. அதற்காக நிலத்துக்காரர் ராத்திரிக்கு இவ்வளவு என்று பணமோ நெல்லோ கொடுக்கிறார். ஆட்டெரு அந்த வருஷம், மாட்டெரு மறுவருஷம் என்று பழமொழியே இருக்கிறது. ராமநாதபுரத்துப் பக்கத்துக் கீதாரிகள் தங்கள் மந்தைகளோடு காவிரிப் பாசன நிலங்களுக்கு வந்து, மாதக்கணக்கில் வெட்டவெளியில் படுத்துக் கிடந்து, தஞ்சாவூர் நெல்லுக்கு உரம் போட்டுவிட்டுப் போகிறார்கள். நாம் தின்கிற சோற்றில் அவர்களுடைய தூக்கமில்லாத இரவுகள் இருக்கின்றன. ஒரு வேடிக்கையும் சொல்லவேண்டும். அல்பாகா மிகவும் நாகரிகமான பிராணி; மந்தை முழுவதும் ஒரே இடத்தில் போய்த்தான் சாணம் போடும். கொட்டகை சுத்தம் செய்ய மிக வசதி. ஆனால் அந்த நாகரிகப் பிராணியை வைத்துக் கிடை போட்டால் ஓர் ஏக்கர் நிலத்தில் ஒரே ஒரு மூலைதான் விளையும்!

அப்படியானால் என் மருமகப்பிள்ளை ஏன் இருபது ஆடு வாங்கவில்லை? கேட்டேன். சிரித்தான். பதில் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. அவன் பள்ளிக்கூடத்தில் படித்தவன். கணக்குத் தப்பாகப் போட்ட ஒவ்வொரு பையனிடமும் வாத்தியார் என்ன சொன்னார்? “நீ ஆடு மேய்க்கத்தான் லாயக்கு!” பன்னிரண்டு வருஷம் இந்த மந்திரத்தைக் காதில் ஓதி, காலேஜுக்கு அனுப்பி, பட்டம் கொடுத்து, வேலை மட்டும் கொடுக்காமல் ஊருக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறோம். அவன் எப்படி ஆட்டின் பின்னால் கோலெடுத்துக்கொண்டு போவான்? பெண் கொடுப்பார்களா? அல்பாகா வளர்த்தால் ‘பண்ணை அதிபர்’. ஆடு வளர்த்தால் ‘ஆட்டுக்காரன்’. இருவர் கையிலும் சாணம்தான். ஆனால் ஒரு சாணத்துக்குக் கடல் கடந்து வந்த கௌரவம். இன்னொன்றுக்கு ஜாதியும் ஏழ்மையும் ஒட்டிக்கொண்ட இளப்பம். தரகன் விற்பது பிராணியை அல்ல ஐயா. இந்தக் கௌரவத்தைத்தான் அவன் விற்கிறான். குட்டிக்கு விலை லட்சம் என்றால், அதில் தொண்ணூறாயிரம் நம் வெட்கத்தின் விலை.

எங்கள் ஊர்க் கோயிலைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. ஸ்ரீமுஷ்ணத்தில் கும்பிடுகிற பெருமாள் பூவராகர். பாதாளத்தில் கிடந்த பூமியை மீட்கவேண்டிய சமயத்தில், பகவான் அழகான மானாகவோ வெள்ளைக் குதிரையாகவோ வரவில்லை, பன்றியாக வந்தார். சேற்றில் இறங்கித் தோண்டித் தூக்குவதற்கு எந்த உடம்பு தகுந்ததோ அந்த உடம்பு. மாசி மகத்துக்கு அவர் கிள்ளைக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்குப் போகிறபோது, வழியில் முஸ்லிம் மக்களும் எதிர்கொண்டு மரியாதை செய்கிறார்கள். பன்றி உருவம் என்பதற்காக எவரும் முகம் சுளிப்பதில்லை. வேலைக்குத் தகுந்த பிராணியை எடுப்பதில் கௌரவக் குறைவு இல்லை என்பதற்கு இதைவிடப் பெரிய அத்தாட்சி வேண்டுமா? கோயிலுக்குள் இதை ஒத்துக்கொள்கிற நாம், கோயிலைவிட்டு வெளியே வந்ததும் ஆட்டுக்காரரைக் கண்டு தள்ளி நிற்கிறோம்.

ஆடு வளர்ப்பது சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. கஷ்டம் நிறைய உண்டு. மழைக்காலத்தில் நீலநாக்கு நோய் வரும், துள்ளுமாரி வரும், ஆட்டுக்கொல்லி வந்தால் ஒரு வாரத்தில் பட்டியே காலியாகும். ஊசிக்கு வழி உண்டு. ஊசி போடுகிறவர் வந்துசேர வழி இல்லாத கிராமங்கள் உண்டு. 2011-இல் சர்க்கார் ஏழைக் குடும்பங்களுக்கு நாலு ஆடு இலவசமாகக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கியது. நல்ல காரியம். ஆனால் ஆட்டைக் கொடுத்தவர்கள் மேய்கிற இடத்தைக் கொடுத்தார்களா? ரெவின்யூ கணக்கில் ‘மேய்ச்சல் புறம்போக்கு’ என்று எழுதியிருக்கிற இடத்தை ஒவ்வோர் ஊரிலும் போய்ப் பாருங்கள். ஒன்றில் கட்டடம் நிற்கும். ஒன்றில் கருவேல் முள் நிற்கும். ஒன்றில் செல்வாக்குள்ளவருடைய கரும்பு நிற்கும். ஆட்டைத் தவிர மற்ற எல்லாம் அங்கே நிற்கும். ஆட்டுக்காரருக்கு எதிராக நாம் நடத்துகிற யுத்தம் இது. யுத்தத்தில் அவர் தோற்றதும், “பார், ஆடு கட்டுப்படியாகாது” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டு, அல்பாகா விளம்பரத்தை எடுத்து விரிக்கிறோம்.

ஆகவே என் கட்சி இது. புதிய பிராணி வரக்கூடாது என்பதல்ல. வரட்டும், முதலில் சர்க்கார் பண்ணைக்கு வரட்டும். அங்கே பத்து வருஷம் எங்கள் வெயிலையும் மழையையும் பார்க்கட்டும். அதன் ரோமத்தையோ பாலையோ கறியையோ வாங்க ஆள் இருக்கிறதா என்று தெரியட்டும். அதற்குப் பிறகு 4 ஏக்கர்க்காரன் யோசிக்கலாம். அதுவரையில், கவர்ச்சியான படத்தை நீட்டுகிற எந்தத் தரகனிடமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: “குட்டி விற்பதை விட்டுவிடு. குட்டியே போடாத ஒரு பிராணி என்னிடம் இருக்கிறது என்று வைத்துக்கொள். அது எனக்கு என்ன தரும்? அதை யார் வாங்குவார்?” காளைமாடு குட்டி போடாது, ஏர் இழுத்தது, வண்டி இழுத்தது. வெட்டுக்கிடா குட்டி போடாது; கறியாகிறது. சேவல் முட்டையிடாது, அதற்கும் விலை உண்டு. இந்தக் கேள்விக்குத் தரகன் பதில் சொன்னால் மேற்கொண்டு பேசுங்கள். “முதலில் ஒரு ஜோடி எடுத்துக்கொள்ளுங்கள், அப்புறம் சொல்கிறேன்” என்றால், பத்திரத்தை மடித்துப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடுங்கள்.

வாத்தியார்களுக்கும் ஒரு விண்ணப்பம். இனிமேல் எந்தப் பையனையும் ஆடு மேய்க்கத்தான் லாயக்கு என்று திட்டாதீர்கள். ஆட்டின் பல்லைப் பார்த்து வயது சொல்லவேண்டும். வானத்தைப் பார்த்து மழை சொல்லவேண்டும். புல்லைப் பார்த்து நோயைச் சொல்லவேண்டும். இருட்டில் நூறு தலையை எண்ணவேண்டும். நிலத்துக்காரரிடம் நியாயமான கூலி பேசி வாங்கவேண்டும். அதற்கு லாயக்கான பிள்ளைகள் நம்மிடம் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்று முதலில் எண்ணிப் பாருங்கள்.